எழுபத்தைந்து அடி

டூசான் நகரம், ஜூன் மாதம், காலை ஒன்பதே முக்கால்.
ஆறு தடச் சாலையின் ஓரத்தில்
பதினான்காம் எண் கம்பத்தடியில்
மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.
கையில் ஒரு சொடுக்கெண்ணி.
நடந்துபோகும் ஒவ்வொருவருக்கும் ஒரு சொடுக்கு,
மணிக்குப் பதினெட்டு டாலர்.
எதிர்ச்சாரியில் ட்வைலா. அவளுக்கும் இதே வேலை.
கையசைத்துக்கொள்கிறோம்.
குரல் இத்தனை கார்களைத் தாண்டாது.

எந்தக் கடையும் இங்கே தெருவில் இல்லை.
தெருவை விட்டு எழுபத்தைந்து அடி தள்ளி நில் என்று
யாரோ எப்போதோ எழுதிய விதிக்குப் பணிந்து
மருந்துக்கடை, மெத்தைக்கடை, பல் வைத்தியர்
எல்லாரும் பின்வாங்கிவிட்டார்கள்,
முன்னால் தாரை விரித்து
அதில் கார்களை உட்காரவைத்து.
அவர்கள் நிழலும் அவர்கள் காலடியிலேயே கிடக்கிறது,
எசமானை விட்டு நகராத நாய்போல.
நடைபாதைவரை வருவது வெயில் மட்டும்.

துணிமூட்டையைக் கூடைவண்டியில் தள்ளிக்கொண்டு
ஒரு பெண் பேருந்திலிருந்து இறங்குகிறாள்.
சொடுக்கு.
துவைப்பகத்தின் கதவு கண்ணுக்குத் தெரிகிறது,
காலுக்குத்தான் எட்டவில்லை.
பின்னோக்கி வரும் டிரக்கிடம்
நீதிபதியிடம் அனுமதி கேட்பவள்போல்
ஒரு கையை உயர்த்தி
வெள்ளைக் கோடுகளுக்குக் குறுக்கே போகிறாள்.
வண்டியின் ஒரு சக்கரம் மட்டும்
வேறெங்கோ போகப் பார்க்கிறது.

மெத்தைக்கடை முன்னால் யாரும் நடப்பதில்லை,
கடக்கிறார்கள்.
பார்க்க ஒன்றுமில்லாத இடத்தில்
கண் நேரே போகிறது, கால் அதைத் துரத்துகிறது.

அப்புறம் ஓல்குயின் சாவிக்கடை.
விதி பிறக்கும் முன்பே கட்டியது;
கதவைத் திறந்தால் நடைபாதையில் இடிக்கும்.
விற்றால் இடித்துத் தள்ளிக் கட்ட வேண்டுமாம்,
மஞ்சள் தாள் ஒட்டியிருக்கிறது.
பத்து மணிக்கு அதன் சுவர்
ஏழடி நிழல் போட்டிருந்தது தரையில்.
பதினொன்றுக்கு நாலடி.

அங்கே வந்ததும் எல்லாருக்கும் கால் தளர்கிறது.
டிராம்போன் பெட்டி தூக்கிய பையன்
பெட்டியை இறக்கித் தண்ணீர் குடித்தான்.
தர்பூசணியோடு வந்த அம்மாள்
அதைச் சன்னல் விளிம்பில் சாய்த்துவைத்து
கண்ணாடிக்குள் தொங்கும் சாவிகளைப் பார்த்தார்,
வாங்கப்போகிறவர்போல.
நிழல் நாலடிதான் என்பதால்
முன்பின் தெரியாத இருவர் நெருங்கி நிற்க நேர்ந்தது.
நெருங்கிவிட்டதால் பேச வேண்டியதாயிற்று.
என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை.
பையன் சிரித்தான். அந்தப் பழத்தை ஒருமுறை தட்டிப் பார்த்தான்.

படிவத்தில் மூன்று கட்டங்கள்:
வடக்கே போனவர், தெற்கே போனவர், சைக்கிள்.
நின்றவருக்குக் கட்டம் இல்லை.
தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுதினேன்:
நின்றவர் பதினேழு,
அத்தனை பேரும் ஒரே சுவருக்குக் கீழே.

பன்னிரண்டரைக்கு அலுவலகத்திலிருந்து டென்னிஸ் அழைத்தார்.
எத்தனை?
நாற்பத்தொன்று.
பார்த்தாயா, நடக்க ஆளே இல்லை இந்தத் தெருவில்,
என்றார், தோற்றவர் குரலில் இல்லை.
பின்பக்கம் என்று ஆரம்பித்தேன்.
பின்பக்கத்தை ஸ்கேன் செய்ய மாட்டோம் என்றார்.

ஒரு மணிக்கு வேலை முடிந்தது.
என் காரும் மெத்தைக்கடை முன்னால்தான் நிற்கிறது.
நானும் அந்த நாற்பத்தொன்றில் இல்லை.
தாரில் முப்பது எட்டு; செருப்பு ஒட்டி ஒட்டிப் பிரிந்தது.
கதவின் கைப்பிடியைத் தொட முடியவில்லை.

திரும்பி நடந்தேன், நாற்காலியைத் தோளில் மாட்டி.
ஓல்குயின் கடையில்
ஏற்கனவே இரண்டு வைத்திருக்கும் என் வீட்டுச் சாவிக்கு
மூன்றாவதாக ஒன்று வெட்டச் சொன்னேன்.
இயந்திரம் கீச்சிடும்வரை
வெளியே, சுவரோடு முதுகு ஒட்டி நின்றேன்.
நிழல் சுவருக்குள்ளேயே போய்விட்டது அதற்குள்,
என்றாலும் நின்றேன்.

சாலைக்கு அப்பால் ட்வைலா
நாற்காலியை மடக்கியவள் என்னைப் பார்த்துவிட்டு
எண்ணியை உயர்த்திக் காட்டினாள்.
அழுத்தினாளா என்று தெரியவில்லை.
வடக்கா, தெற்கா என்று
கையால் கேட்கிறாள்.